வாலஸ் ஜனாதிபதி ஆகியிருந்தால்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

"நடக்காமல் போன வரலாறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று போன வாரம் துபாய்த் தம்பி கேட்டிருந்தார். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஹென்றி வாலஸ்தான். இந்த மண்ணில் பிறந்தவர். 1941 முதல் 1945 வரை அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் துணை ஜனாதிபதி.

1944 ஜூலை 20 இரவு, சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அடுத்த தேர்தலில் ரூஸ்வெல்ட்டோடு நிற்கும் துணை ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டபம் முழுக்க வாலஸ் பெயர்தான். அவரை முன்மொழிய புளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போகிறார். அவர் ஏறுவதற்குள் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். கட்சியின் பெரிய தலைகளுக்கு வாலஸ் ஆகாது. மறுநாள் முதல் சுற்றில் வாலஸுக்கு 429½ ஓட்டு, அவரை எதிர்த்து நின்ற ட்ரூமனுக்கு 319½. இரண்டாம் சுற்றில் எல்லாம் புரண்டு ட்ரூமன் ஜெயித்துவிட்டார். ட்ரூமன் துணை ஜனாதிபதியாகி 82 நாளில் ரூஸ்வெல்ட் இறந்துபோக, ஜனாதிபதி நாற்காலி ட்ரூமனுக்குப் போனது.

வாலஸ் இருந்திருந்தால் ஹிரோஷிமா நடந்திருக்காது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அணுகுண்டு பற்றி முடிவெடுக்க 1941இல் அமைந்த மேல்மட்டக் குழுவில் அவரும் ஒருவர். ஆனால் அடிமை நாடுகள் விஷயம் வேறு. இந்தியா, பர்மா, மலாயா எல்லாம் விடுதலை பெற வேண்டும் என்று போர் நடக்கும்போதே எழுதி பிரிட்டிஷாரின் கோபத்தைச் சம்பாதித்தவர். பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வியட்நாமுக்குள் நுழைவதை அவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அதே 1944இல் சோவியத் கைதி முகாம்கள் இருந்த சைபீரியாவின் மகதானுக்குப் போனார். கைதிகளை ஒளித்துவைத்துவிட்டு அவர்கள் காட்டியதையெல்லாம் நம்பி, பாராட்டிவிட்டு வந்தார். தவறு செய்துவிட்டேன் என்று 1952இல் வெளிப்படையாக எழுதினார். ஆனால் ஸ்டாலினுக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டியவருக்கு எட்டு வருடம் ரொம்ப அதிகம்.

சரி, பதவியை விடுங்கள். நம் பெரம்பலூர்ப் பக்கம் கொல்லை கொல்லையாக நிற்கும் மக்காச்சோளத்துக்கும் இவருக்கும் உறவு உண்டு. வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை விற்க 1926இலேயே கம்பெனி தொடங்கியவர் இவர். இரண்டு ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, ஒன்றில் ஆண்பூவைக் கிள்ளிவிட்டால் அடுத்ததன் மகரந்தம் அதில் சேரும். அந்தக் கதிர்தான் விதை. அதை விதைத்து வரும் கதிரை மறுபடி விதைத்தால் அந்த விளைச்சல் வராது. என் அப்பா ஒரு வருடம் எடுத்துவைத்து விதைத்தார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, பாதிக் கதிரில் மணியே பிடிக்கவில்லை. அப்புறம் வருடா வருடம் கம்பெனி விதைதான்.

ஜூலையில் இங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆண்பூ கிள்ளும் வேலைக்குப் போவார்கள். போன வருடம் என் மகளும் போனாள். சாயங்காலம் வந்தபோது முழங்கை வரை மக்காச்சோளத் தோகை அறுத்த கீறல். "தாத்தா கொல்லையிலும் இப்படித்தான் அறுக்குமா அப்பா?" என்று கேட்டுக்கொண்டே தேங்காயெண்ணெயைத் தேடினாள்.