கனெக்டட் கார் சர்வீஸ் ஃப்ரீ பீரியட் முடியுது, காசு கட்டி ரினியூ பண்ணலாமா?

சேலத்து சாலை:
வணக்கம் மக்களே. நம்மது பெட்ரோல் ஆட்டோமேட்டிக், சின்ன எஸ்யூவி. வாங்கும்போது கனெக்டட் சர்வீஸ், அதாவது போன் ஆப்லயே வண்டிய பாத்து கண்ட்ரோல் பண்ற வசதி, மூணு வருஷம் ஃப்ரீன்னு குடுத்தாங்க, அது அடுத்த மாசம் முடியுது. ஷோரூம்ல கேட்டா "கட்டிருங்க சார், எல்லாரும் கட்றாங்க"ங்கிறாங்களே தவிர கட்டலன்னா எதெல்லாம் நிக்கும்னு யாரும் தெளிவா சொல்லல. நான் யூஸ் பண்றது சாயங்காலம் ஆபீஸ விட்டு இறங்குறதுக்கு முன்னாடி ஏசி போட்டு விடுறது, வண்டிய பூட்டினோமான்னு ஆப்ல பாக்குறது, அவ்ளோதான். ஆனா அப்பா அடிக்கடி தனியா ஏற்காடு வரைக்கும் ஓட்டிட்டுப் போவாரு, அதான் யோசனையா இருக்கு. கட்டலாமா விட்ரலாமா?

ஹைவே தம்பி:
அண்ணே, முதல்ல ஒண்ணு தெளிவாயிக்கோங்க. ஆண்ட்ராய்டு ஆட்டோ (போன் மேப், பாட்டெல்லாம் வண்டி ஸ்கிரீன்ல காட்றது), ப்ளூடூத், ரிவர்ஸ் கேமரா எதுவும் நிக்காது, மேப்பும் பாட்டும் உங்க போன் நெட்லதான் ஓடுது. நிக்கிறது வண்டிக்குள்ளயே பதிச்சு வச்ச சிம் (இ-சிம்) வழியா வர்றதுதான், அதாவது ரிமோட் ஏசி, ரிமோட் லாக், லைவ் லொகேஷன், திருட்டு போனா ட்ராக் பண்றது, ஆபத்துன்னா அமுக்குற எஸ்ஓஎஸ் பட்டன். 2019ல ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் ரெண்டும் வந்தப்பறம் இங்க எல்லா கம்பெனியும் இதையே ஒரு மாடலா புடிச்சிட்டாங்க, முதல்ல ஃப்ரீயா பழக்கி விட்டுட்டு அப்பறம் வருஷா வருஷம் காசு. பாட்டுக்கும் மேப்புக்கும்னா பைசா கட்டாதீங்க. வெயில்ல வண்டி நிக்கிற ஊர்ல ரிமோட் ஏசிக்காக கட்டினா அது நியாயமான செலவுதான், ஆனா ஏசி போட்டா இன்ஜினும் சேந்து ஓடும், அதனால மூடின ஷெட்டுக்குள்ள மட்டும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க, பெட்ரோல் இன்ஜின் புகையில கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே தெரியாது, வீட்டோட ஒட்டின ஷெட்னா உள்ள தூங்கறவங்களுக்கும் ஆபத்து.

மலைப்பாதை:
அப்பாவுக்காகன்னா நான் சொல்றத கேளுங்க. ஏர்பேக் வெடிச்சா வண்டியே கால் பண்ணும்ங்கிறது நல்ல விஷயம்தான், ஆனா அந்த கால் அதே சிம்லதான் போகணும், அந்த நெட்வொர்க்குக்கு டவர் இல்லாத வளைவுல ஒண்ணும் நடக்காது. ஐரோப்பால 2018 மார்ச் 31ல இருந்து புது மாடல் கார் எல்லாத்துலயும் இ-கால் கட்டாயம், ஆக்சிடெண்ட்னா வண்டி தானா அவசர நம்பர் 112க்கு அடிக்கும், கார்க்காரன் சந்தா கட்ட வேண்டியதே இல்ல. உயிர் சம்பந்தப்பட்டத இங்க சந்தாவுக்குள்ள வச்சிருக்கறது எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற விஷயம், சட்டமா போட்டாத்தான் மாறும். அதுவரைக்கும் அப்பா போன்ல லொகேஷன் ஷேரிங் போட்டு வைங்க, இங்கயும் அவசர நம்பரான 112ம் ஹைவே ஹெல்ப்லைன் 1033ம் சேவ் பண்ணிக் குடுங்க. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வழில வண்டி நின்னா வந்து உதவுறது) உங்க இன்சூரன்ஸ்லயே இருக்கான்னும் பாருங்க, நிறைய பேர் அதுக்கு ரெண்டு இடத்துல காசு கட்டிட்டு இருக்காங்க.

பழைய டீசல்:
நான் கட்டவே மாட்டேன். வாங்கின பொருளுக்கு மறுபடி வாடகையா? பிஎம்டபிள்யூ ஆப்பிள் கார்ப்ளேக்கு (ஐபோனுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ மாதிரி) வருஷ சந்தா கேட்டாங்க, ஜனங்க விடல, 2019 கடைசில வாபஸ். அப்பறம் சீட் ஹீட்டருக்கு மாச சந்தா, அதையும் 2023ல கைவிட்டாங்க. நாம கட்டாம இருந்தாத்தான் இறங்கி வருவாங்க. இன்னொண்ணு, அமெரிக்கால 2022ல 3ஜி டவர நிறுத்தினப்ப நல்லா ஓடிட்டு இருந்த எத்தனையோ வண்டில கனெக்டட் சர்வீஸ் செத்துப் போச்சு, வண்டி பதினஞ்சு வருஷம் ஓடும், சிம் டெக்னாலஜி அவ்ளோ நாள் தாங்காது. டேட்டா விஷயம் அதவிட மோசம், 2024ல ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் படிச்சிருப்பீங்க, எவ்ளோ ஸ்பீடு, எங்க சடன் பிரேக்னு எல்லாம் டேட்டா கம்பெனிக்குப் போயி இன்சூரன்ஸ்காரன் கைக்கு வந்துருச்சு.

செகண்ட் ஹேண்ட் வாசி:
காசு கட்டினாலும் கட்டலன்னாலும் ஒண்ணு பண்ணுங்க. நான் பழைய வண்டி வாங்கி ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, முன்னாடி ஓனர் போன்லயே அக்கவுண்ட் இருக்கு, என் வண்டி எங்க நிக்குதுன்னு அவருக்குத் தெரியுது, கதவையும் திறக்க முடியுது. நல்ல மனுஷன், கூப்பிட்டு சொன்னதும் எடுத்து விட்டாரு. விக்கும்போது ஆப்ல வண்டிய ரிமூவ் பண்ணிட்டு ஸ்கிரீன்ல ஃபேக்டரி ரீசெட் போட்டுத்தான் சாவியக் குடுக்கணும்.

சேலத்து சாலை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்சூரன்ஸ் பேப்பர எடுத்துப் பாத்தேன், ரோட்சைடு அசிஸ்டன்ஸ் அதுலயே இருக்கு. ஏசிக்காக ஒரு வருஷம் மட்டும் கட்டப் போறேன், மூணு வருஷ பேக் வேணாம். அப்பா போன்ல லொகேஷன் இன்னைக்கே போட்டாச்சு.