காப்பிக்கடை ஹொக்கியன் மீ: பன்றி இல்லாமல் வறுத்துக் கேட்கலாமா?

புதுக்குடி:

வணக்கம். வேலை மாறி சிங்கப்பூர் வந்து தோ பாயோவில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஒரு சீனப் பெரியவர் ஹொக்கியன் மீ, அதாவது இறாலும் கணவாயும் சேர்த்து வறுக்கும் நூடுல்ஸ், போடுகிறார், அது ஒன்றுதான், வேறு எதுவும் கிடையாது. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அந்த இறால் வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்து ஆளை இழுக்கிறது. நான் எல்லாம் சாப்பிடுவேன். மனைவி பன்றி தொட மாட்டாள், ஆனால் இறால், கணவாய் என்றால் உயிர். அங்கிளிடம் "கொழுப்பு வேண்டாம், இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் தனியாக வறுத்துத் தருவாரா, இல்லை அப்படிக் கேட்பதே தப்பா?

இன்னொன்று. ஆபீசில் கோலாலம்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், போட்டோவைக் காட்டினால் "இதுவா ஹொக்கியன் மீ, வெளுத்துப் போய்க் கிடக்கே" என்று சிரிக்கிறார். அப்புறம் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சாறும் சுவையுமாக இருப்பது, பொட்டலம் கட்டி மேலே கொண்டுபோனால் களி மாதிரி ஆகிவிடுகிறதே, அது ஏன்?

சம்பால்பிரியை:

கேட்பதில் தப்பே இல்லை, கேட்டுப் பிரயோஜனமும் இல்லை. கொழுப்பையும் இறைச்சியையும் நிறுத்தினாலும் பன்றி போகாது, ஏனென்றால் அது சாற்றில் இருக்கிறது. இறால் தலையையும் ஓட்டையும் வறுத்து, பன்றி எலும்போடு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட சாறு அவர் பக்கத்தில் பெரிய பானையில் இருக்கும் பாருங்கள், மொத்த ருசியும் அதுதான். அதை எடுத்துவிட்டால் சும்மா நூடுல்ஸ். பெயர்தான் வறுத்த மீ, பாதி வேலை வேகவைப்பதில் இருக்கிறது.

வரிசையில் நிற்கும்போது போனை உள்ளே வைத்துவிட்டு வாணலியைப் பாருங்கள். முட்டையை ஊற்றிக் கிளறி, பூண்டு போட்டு, மஞ்சள் மீயைக் கொட்டி ஓரம் லேசாகத் தீயும் வரை புரட்டுவார். அடுத்து பீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்), ஒரு அகப்பைச் சாறு, மேலே மூடி. மூடியைத் திறந்தால் ஆவி குப்பென்று கிளம்பும், சாறு பாதி உள்ளே போயிருக்கும். பிறகு இறால், கணவாய், தவ்கே (முளைப்பயறு), கூச்சாய் கீரை (பூண்டு வாசனையுள்ள தாள்), மறுபடி சாறு, மறுபடி மூடி. அவசரக் கடைகளில் இந்த இரண்டாவது மூடி இருக்காது, மீ ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நிற்கும். அந்த மாதிரிக் கடைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

ஒரே வாணலியில் பல தட்டுக்குச் சேர்த்து வறுக்கிறார், அதனால் உங்களுக்கு மட்டும் தனியாக என்பதும் நடக்காத காரியம். வரிசை அசையாமல் நின்று திடீரென்று ஆறேழு பேர் ஒரேயடியாகக் கிளம்புவதும் இதனால்தான்.

களி விஷயம்: அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மீயும் பீஹூனும் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொட்டலம் என்றால் "சாறு கொஞ்சம் கூட" என்று கேளுங்கள், சம்பால் மிளகாய் விழுதையும் எலுமிச்சையையும் தனியாக வாங்குங்கள், மேலே போனதும் சாப்பிட உட்காருங்கள். குளித்துவிட்டு வருகிறேன் என்றால் போச்சு.

கிள்ளான்வாசி:

உங்கள் ஆபீஸ் நண்பரைக் குறை சொல்ல முடியாது, அவர் வளர்ந்த மீ வேற லா. கோலாலம்பூரில் தடித்த மஞ்சள் மீயைக் கறுப்புச் சோயா சாஸில் பிரட்டி, முட்டைக்கோஸ், இறைச்சி எல்லாம் போட்டு, பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டை மேலே அள்ளிப் போடுவார்கள். நல்ல கடையில் கரி அடுப்பு. பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் ராத்திரி நடந்தால் தீப்பொறி பறப்பதைப் பார்க்கலாம். காய்ந்த தட்டைமீனைப் பொடித்துப் போடும் கடைகளும் உண்டு, அந்த வாசனை துணியில் ஒட்டினால் துவைத்தால்தான் போகும்.

பினாங்குக்குப் போய் ஹொக்கியன் மீ கேட்டால் சிவப்பு இறால் சூப்பில் மீ வரும், வறுவலே கிடையாது. கறுப்பு வேண்டுமென்றால் அங்கே "ஹொக்கியன் சார்" என்று கேட்க வேண்டும். மூன்றும் பன்றி சேர்ந்தவைதான், அதனால் ஊர் மாறினாலும் உங்கள் வீட்டில் பிரச்சினை மாறாது. என்னைக் கேட்டால் கறுப்புதான் முதல் இடம், சம்பால்பிரியை அக்கா சண்டைக்கு வரலாம்.

சம்பால்பிரியை:

சண்டை எதற்கு. சாஸ் ஊற்றி மறைக்க வேண்டிய மீயை மறைத்துத்தானே ஆக வேண்டும்.

நாகூர்ப்பிள்ளை:

புதுக்குடி அண்ணே, ஹலால் கடையில் கிடைக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? பன்றி எலும்புக்குப் பதில் கோழி எலும்பு, கொழுப்புக்குப் பதில் சமையல் எண்ணெய், மற்றபடி அதே இறால் ஓடு, அதே வாணலி வேலை. ருசி ஒன்றேதான் என்று பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கொழகொழப்பு கொஞ்சம் குறையும். ஆனால் இறால் முன்னால் வரும், உங்கள் வீட்டம்மாவுக்கு அதுதானே வேண்டும்.

பலகையைப் பார்த்து வாங்குங்கள். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) கொடுக்கும் ஹலால் சான்றிதழ் வேறு, "நோ போர்க் நோ லார்ட்" (பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை) என்று கடைக்காரரே எழுதி மாட்டுவது வேறு. எங்களுக்கு இரண்டாவது போதாது. உங்கள் வீட்டில் பன்றி மட்டும்தான் தடை என்றால் அதுவே போதும், ஆனாலும் "சூப்பில் என்ன எலும்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள், இந்த ஊரில் தினமும் யாராவது கேட்கிற கேள்விதான்.

பழைய_ரோச்சோர்:

எங்கள் அப்பா இதை ரோச்சோர் மீ என்றுதான் சொல்வார். போருக்குப் பிறகு மீ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹொக்கியன்காரர்கள், மிஞ்சிய மீயை ராத்திரி ரோச்சோர் சாலைப் பக்கம் கரி அடுப்பில் வறுத்துச் சாப்பிட்டதில் ஆரம்பித்தது என்று ஒரு கதை உண்டு, கப்பல்காரர்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாக்கு மட்டையில் கட்டித் தரும் கடை இன்னமும் சில இருக்கின்றன, கண்ணில் பட்டால் விடாதீர்கள். சூட்டில் மட்டையின் மணம் மீயில் ஏறிவிடும், பிளாஸ்டிக் டப்பாவில் அது வராது.

எலுமிச்சையை முதலிலேயே முழுக்கப் பிழிய வேண்டாம். பாதித் தட்டு அப்படியே, மீதிப் பாதிக்குப் பிழியுங்கள்.

புதுக்குடி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மனைவியோடு ஹலால் கடை, வார நாளில் கீழே அங்கிள் கடை எனக்கு மட்டும் என்று முடிவாகிவிட்டது. ஒரே மேசையில் அவளுக்கு ஹலால் தட்டும் எனக்கு அங்கிள் மாதிரிக் கடைத் தட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

நாகூர்ப்பிள்ளை:

உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கரண்டியை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். திருப்பி வைக்கும்போது ஹலால் தட்டுக்குத் தனி அலமாரி இருக்கும், எழுதியிருப்பார்கள், அதில் உங்கள் தட்டைக் கலந்து வைத்துவிடாதீர்கள். மேசையிலேயே விட்டுவிட்டும் கிளம்ப முடியாது. உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்தும் காப்பிக்கடைகளில் 2022 ஜனவரியிலிருந்தும் தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், முதல் தடவை எச்சரிக்கை, அடுத்தது 300 வெள்ளி அபராதம். அந்தக் காசுக்கு எத்தனை தட்டு மீ!