தோழியின் குழந்தைக்கு ஓர் அழுங்கு

என் தோழி கேட்டது அழுங்கு. "யானை, முயல், கரடியெல்லாம் மற்றவர்கள் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். நீ மட்டும் வேறு யாரும் தராததைப் பின்னிக் கொடு" என்றாள். அவள் காட்டுயிர்ப் பித்து பிடித்தவள். செதில் போர்த்திய பாலூட்டி உலகத்தில் அழுங்கு ஒன்றுதான் என்பதை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பவள். அதனால் எனக்கு வியப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. செதில், கூரிய நகம், நீண்ட நாக்கு, தாயின் வால்மேல் ஏறிச் சவாரி செய்யும் குட்டி என்று அவள் அனுப்பிய படங்களில் அவளுக்குப் பிடித்திருந்த ஒவ்வொன்றும் குழந்தையின் வாய்க்குள் போகக்கூடியது.

செதில்களுக்கு வழி இருந்தது. கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷாவில் முதலைத் தையல் என்று ஒன்று உண்டு. ஒரு வரிசையில் இரண்டிரண்டு டபுள் குரோஷா என்னும் உயரத் தையலாகக் கம்பங்களை நிறுத்திவிட்டு, அடுத்த வரிசையில் ஒரு கம்பத்தின் மேலிருந்து கீழாக ஐந்து, பக்கத்துக் கம்பத்தின் கீழிருந்து மேலாக ஐந்து என்று சுற்றிப் பின்னினால் ஒரு செதில் எழும். வரிசைகள் மாறிமாறி விழும்போது கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும். செதிலின் முனை நாம் பின்னத் தொடங்கிய பக்கத்தையே பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அழுங்கின் செதில்கள் வாலை நோக்கிச் சாய்ந்தவை. ஆகவே வாலில் தொடங்கித் தலைக்கு வர வேண்டும். நூலை இந்தத் தையல் விழுங்குகிற வேகம் மிரள வைக்கும். சாதாரண உருவத்துக்கு வாங்கும் அளவை நம்பி யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நல்லவேளையாக அழுங்கின் வயிற்றிலும் கால்களின் உட்புறத்திலும் செதில் கிடையாது. அந்தப் பகுதிகளை, பஞ்சடைத்த பொம்மை பின்னும் அமிகுருமி முறையில் ஆறு தையலில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கூட்டி, பிறகு கூட்டாமல் குழல்போல நீட்டிச் சாதாரண சிங்கிள் குரோஷா என்னும் குட்டைத் தையலில் முடித்தேன். நூலுறையில் போட்டிருக்கும் அளவைவிடச் சிறிய ஊசியை எடுத்துக்கொண்டேன். இறுகப் பின்னாவிட்டால் உள்ளே அடைத்த பஞ்சு இடுக்குகளில் எட்டிப் பார்க்கும், குழந்தை அதைப் பிய்த்து இழுக்கும்.

கண்ணில்தான் தோழிக்கும் எனக்கும் வாக்குவாதம். கறுப்பாக மின்னும் பிளாஸ்டிக் கண் வேண்டும் என்றாள். கடையில் அவற்றைப் பாதுகாப்புக் கண் என்றே விற்கிறார்கள், பின்புறம் வளையம் போட்டு இறுக்கினால் துணியில் அசையாமல் நிற்கவும் செய்யும். ஆனால் பின்னல் என்பது இழுத்தால் விரிகிற பொருள். விரிந்த தையல் வழியே வளையத்தோடு சேர்ந்து கண்ணும் வெளியே வந்துவிடலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உயிரில்லாத பார்வையாக இருக்குமே" என்று குறைப்பட்டாள். கறுப்பு நூலால் கண்ணை நிரப்பி, ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு சிறு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி போதுமானதாக இருந்தது. நகங்களும் தையல் கோடுகளாயின. நாக்கைத் தொங்கவிட்டால் அது ஒரு கயிறு. ஆகவே கன்னத்தோடு ஒட்டிச் சுருண்டதாகத் தைத்துவிட்டேன். அழுங்குக்குப் பல் கிடையாது என்பதால் அந்த ஒரு வேலையாவது மிச்சம்.

குட்டியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தனியாகப் பின்னி ஒட்டவைத்தால், என்றாவது தையல் அவிழ்ந்து கையோடு வரும். அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் பொருள் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது என்று தள்ளிவிடுவார்கள். அவள் கேட்ட குட்டி அதற்குள் இரண்டு அடங்கும். கடைசியில் குட்டியைத் தனி உருப்படியாக வைக்காமல், வால் தொடங்கும் இடத்திலேயே தையல்களைக் கூட்டி ஒரு மேடாக எழுப்பி, அதன்மேல் முகம் தைத்தேன். தாயும் பிள்ளையும் ஒரே துணி. இந்தப் பொம்மையில் எனக்குக் கர்வம் உள்ள இடம் இதுதான்.

நூல் பருத்தி. மொஹேர், அங்கோரா போன்ற விலங்கு மயிர் நூல்கள் தொடச் சுகம், ஆனால் மயிர் உதிர்க்கும். பழுப்பு நூல் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தபிறகே பின்னத் தொடங்கினேன், முடித்ததும் ஒருமுறை துவைத்தேன்.

கொடுக்கும்போது சொல்லத் தயங்கிய செய்தி ஒன்று இருந்தது. முதல் பன்னிரண்டு மாதம் குழந்தை தூங்கும் இடத்தில் மெத்தென்ற பொம்மை எதுவும் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இத்தனை பாடுபட்டதைத் தொட்டிலில் வைக்காதே என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை, இருந்தும் சொன்னேன். அவள் முகம் வாடவில்லை. "அப்படியென்றால் ஒரு வருடம் எனக்கு" என்று எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். குழந்தை விழித்திருக்கும்போது, தான் கூடவே உட்கார்ந்து, கையில் கொடுத்து வாங்கிக்கொள்கிறாள். சப்புவதற்கு அந்தக் குழந்தை தேர்ந்தெடுத்திருப்பது வாலின் நுனியை.

வருகிறவர்கள் யாரும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. மீன் என்றார் ஒருவர், டைனோசர் என்றார் இன்னொருவர். முதலை என்பதுதான் பெரும்பான்மை, தையலின் பெயரைப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். தவறாகச் சொன்னவர்களுக்குத் தோழியின் பாடம் உடனே தொடங்கிவிடும்: மொத்தம் எட்டு இனங்கள், ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு, எட்டையும் பன்னாட்டு வணிகத்திலிருந்து விலக்க 2016இல் முடிவெடுத்தார்கள் என்று. விருந்தாளி தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்று இப்போது அவளுக்குப் பயம் வந்துவிட்டது, இன்னொன்றும் கேட்கிறாள். அதே சாயத்தொகுதி எண்ணில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய, பழுப்பு நூல் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். வயிற்றுக்கான வெளிர் நூல்தான் தேட வேண்டும்.