இந்திய வருமான வரி ரீஃபண்ட் இன்னும் வரல்ல. தாமதத்துக்கு வட்டி கேக்கலாமா?

கல்லடி வாசகர்:
வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில இருக்கம். என்ட மனுசி திருச்சிக்காரி, இந்தியப் பாஸ்போட். அவட அப்பா போட்டுக் குடுத்த டெபாசிட் அங்க ஒரு வங்கியில என்ஆர்ஓ கணக்கில (வெளிநாட்டில வசிக்கிற இந்தியர்ட உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) கிடக்கு. 2024-25இல வட்டி 1,90,000 இந்திய ரூபா. அதில 31.2 வீதம், 59,280 ரூபாயை டீடிஎஸ் (வட்டி தரமுன்னமே வங்கி பிடிக்கிற வரி) எண்டு வெட்டிட்டாங்க. அவவுக்கு அங்க வேற வருமானம் ஒண்டுமில்ல. 2025 ஜூலையில ஐடிஆர்-2 எண்ட வரி ரிட்டன் படிவம் போட்டு, மாமாட போனுக்கு வந்த ஓடிபியால உறுதியும் பண்ணியாச்சு. இப்ப 2026 பெப்ரவரி. காசைக் காணல்ல. ஒடிட்டரிட்ட கேட்டா "வரும், வரும்" எண்டுறார். மாமாட கண் ஒப்பரேசனுக்கு நம்பியிருக்கிற காசு இது. வட்டி கேக்க உரிமை இருக்கா? ஆரிட்ட கேக்கிறது?

அக்கரைப்பற்று கணக்கர்:
உரிமை இருக்கு தம்பி. சென்னை ஒடிட் கம்பனி ஒண்டுக்கு இங்கிருந்தே வேலை செய்யிறன், அதனால விபரமாச் சொல்றன்.

இந்திய வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 244ஏ. மாசம் 0.5 வீதம், தனிவட்டி. மாசத்தில ஒரு நாள் பட்டாலும் முழு மாசம்தான். நீங்க கெடுவுக்குள்ள ரிட்டன் போட்டதால 2025 ஏப்ரல் 1 இல இருந்து எண்ணவேணும். கெடு தாண்டியிருந்தா போட்ட நாளில இருந்துதான். நூறுக்குக் குறைஞ்ச சில்லறையை விட்டுட்டு 59,200க்குக் கணக்குப் பார்த்தா மாசம் 296 ரூபா. ரீஃபண்ட் தொகை தீர்மானிச்ச வரியில 10 வீதத்துக்குக் குறைவெண்டா வட்டி இல்ல, ஆனா உங்களுக்கு வரியே பூச்சியம், அந்தத் தடை வராது. இதுக்கெண்டு தனி விண்ணப்பமும் எழுதத் தேவையில்ல, ரீஃபண்டோட சேர்த்தே அவங்க போடவேணும்.

ஆனா அதே பிரிவில இன்னொண்டும் இருக்கு: தாமதத்துக்குக் காரணம் நம்மட பக்கம் எண்டா அந்தக் காலம் கழியும். அதனால முதல்ல வரித்துறைட இணையப் போர்ட்டலைத் திறந்து, அதில என்ன எழுதியிருக்கோ அப்படியே இங்க போடுங்க.

கல்லடி வாசகர்:
பார்த்தன் நானா. ரிட்டன் 'ப்ராசஸ்ட்' (பார்த்து முடிஞ்சுது). 143(1) அறிவித்தல், அதாவது ரிட்டனைச் சரிபார்த்த முடிவு, டிசம்பரில மெயிலுக்கு வந்து கிடக்கு, ரீஃபண்ட் சரியெண்டுதான் அதில இருக்கு. கீழ 'ரீஃபண்ட் ஃபெயில்ட்' எண்டு காட்டுது. வங்கிக் கணக்கு 'வேலிடேட்' (சரிபார்த்து உறுதி) ஆகல்ல. பான் கார்டில (இந்திய வரி அடையாள அட்டை) அவட பெயருக்குப் பின்னால அப்பாட பெயர், வங்கியில என்ட பெயர்.

அக்கரைப்பற்று கணக்கர்:
அப்ப சிக்கல் பெயரிலதான். வங்கியிலயும் பானிலயும் ஒரே பெயர் இருக்கவேணும். வங்கிக்குக் கலியாணச் சான்றிதழ் அனுப்பி ஒரே மாதிரி ஆக்குங்க. மறுகா போர்ட்டலில கணக்கைத் திரும்ப வேலிடேட் பண்ணி, 'சர்வீசஸ்' பகுதியில 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' (காசைத் திரும்ப அனுப்பச் சொல்ற) கோரிக்கை போடுங்க. அறிவித்தலில வட்டி 2,664 எண்டு இருக்கா பாருங்க, ஏப்ரல் தொடக்கம் டிசம்பர் வரை 9 மாசம். அதுக்குப் பிந்தின மாசங்களுக்கும் வரும் எண்டு நம்பிக் கடன்படாதீங்க, தம்பி. 2,664ஐ விடக் குறைச்சுப் போட்டிருந்தா மட்டும் போர்ட்டலில திருத்தக் கோரிக்கை போடலாம். வாற வட்டியை அடுத்த ரிட்டனில வருமானமாக் காட்டவும் வேணும்.

கல்முனை வாசகி:
தம்பி, பான் உயிரோட இருக்கா எண்டும் பாருங்க. வெளிநாட்டில வசிக்கிறவங்களுக்கு ஆதார் (இந்திய அடையாள எண்) இணைப்புக் கட்டாயமில்ல. ஆனா வரித்துறைப் பதிவில இந்தியாவிலயே இருக்கிற ஆளெண்டு கிடந்தா, இணைக்காத பான் செயலிழந்திடும். 114ஏஏஏ விதிப்படி அந்தக் காலத்துக்கு ரீஃபண்டும் இல்ல, வட்டியும் இல்ல. என்ட தங்கச்சிக்கு இதுதான் நடந்தது. பாஸ்போட் நகலோட தன்ட பகுதி வரி அதிகாரிக்கு எழுதின பிறகுதான் அசைஞ்சது.

அக்கரைப்பற்று கணக்கர்:
அக்கா சொன்னது முக்கியம். இன்னொண்டு, வருஷா வருஷம் 31 வீதம் வெட்டக் குடுத்துட்டுக் காத்திருக்க வேணாம். இந்திய-இலங்கை இரட்டை வரி ஒப்பந்தத்தில வட்டிக்கு உச்சம் 10 வீதம். இங்க உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில டின் (இங்கத்தை வரி அடையாள எண்) எடுத்து, வரிக்கான வதிவிடச் சான்றிதழ் வாங்கி, ஒப்பந்தச் சலுகைக்கான 10எஃப் படிவத்தோட அந்த வங்கிக்குக் குடுத்தா 10 வீதத்தோட நிண்டிடும். மிச்சம் முழுக்க அவவிட கையிலயே இருக்கும். வரி வெட்டவேணாம் எண்டு எழுதிக் குடுக்கிற 15ஜி படிவத்தைக் குடுக்கச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதீங்க, அது இந்தியாவில வதியிறவங்களுக்கு மட்டும்.

களுவாஞ்சிகுடி வாசகர்:
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கவும். அம்மாட எஃப்டி (நிலையான வைப்பு) வட்டியில இங்கத்தை வங்கியும் வெட்டுது. அதுக்கும் வழி இருக்கா?

அக்கரைப்பற்று கணக்கர்:
இருக்கு. 2025 ஏப்ரல் 1 இல இருந்து 5 வீதம் 10 ஆச்சு. அம்மாட வருஷ வருமானம் 18 இலட்சம் இலங்கை ரூபாயைத் தாண்டாட்டி வங்கியில சுயபிரகடனம் குடுங்க, வெட்டமாட்டாங்க.

கல்லடி வாசகர்:
நானா, அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பான் செயல்படுது, பார்த்துட்டன். அறிவித்தலில வட்டி 2,664 சரியா இருக்கு. கலியாணச் சான்றிதழை வங்கிக்கு அனுப்பியாச்சு. பெயர் மாறினதும் ரீஇஷ்யூ போட்டுட்டு இங்க எழுதுறன். வதிவிடச் சான்றிதழுக்கு டின் எடுக்கிற வேலையையும் இந்தக் கிழமையே தொடங்குறம்.