யூஆர்பிக்கு மாறியதும் அணைந்த எமிஷன்: ஓர் அனுபவப் பகிர்வு

விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் பழைய பில்ட்-இன் ரெண்டர் பைப்லைனில் (காட்சியைத் திரையில் வரையும் அமைப்பு) உருவான எங்கள் விளையாட்டை அதன் புதிய பைப்லைனான யூஆர்பிக்கு (யுனிவர்சல் ரெண்டர் பைப்லைன்) மாற்றியபோது, சுரங்கக் காட்சியின் எச்சரிக்கை விளக்குகள் மட்டும் எரியவில்லை. கன்சோலில் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. விளக்கின் எமிஷன் நிறத்தை, அதாவது பொருள் தானாக ஒளிரும் நிறத்தை, கருப்பிலிருந்து சிவப்புக்கு மாற்றும் ஸ்கிரிப்டும் ஒழுங்காகவே ஓடியது.

பொருளின் தோற்றத்தைக் கணக்கிடும் நிரலான ஷேடரின் பண்புகளில் நடந்த பெயர் மாற்றத்தைத்தான் முதலில் சந்தேகித்தோம். பழைய பைப்லைனின் ஸ்டாண்டர்டு ஷேடரில் கலர், மெயின்டெக்ஸ் என்று இருந்தவை, யூஆர்பியின் லிட் ஷேடரில் பேஸ்கலர், பேஸ்மேப் என்று மாறிவிட்டன. பழைய பெயர்களும் இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புப் பலகத்தில் காட்டப்படாமல் உள்ளே நீடிப்பதால், அவற்றுக்கு மதிப்புக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் பிழையின்றி ஓடினாலும் திரையில் எதுவும் மாறாது. இந்த ஏற்பாடு உதவியைவிடக் குழப்பத்தையே கூடுதலாகத் தருகிறது என்பது என் கருத்து. ஆனால் எமிஷன்கலர் என்ற பெயர் இரு ஷேடர்களிலும் ஒன்றுதான்.

விளக்கின் மெட்டீரியலை (ஷேடருக்கான பண்பு மதிப்புகள் சேமிக்கப்படும் கோப்பு) திறந்து பார்த்தபோது எமிஷன் டிக் நீங்கியிருந்தது. அந்த டிக்கின் பின்னால் இருப்பது ஒரு ஷேடர் கீவேர்டு, அதாவது ஷேடரின் ஒரு பகுதியை இயக்கும் அல்லது அணைக்கும் சுவிட்ச். அது அணைந்திருந்தால் நிறத்தின் மதிப்பு எதுவானாலும் ஷேடர் அதைப் படிப்பதே இல்லை. யூஆர்பி மெட்டீரியலைச் சரிபார்க்கும்போது, குளோபல் இல்லுமினேஷன் (பொருளின் ஒளி சுற்றுப்புறத்தில் பரவும் விதம்) 'பேக்டு' (முன்கூட்டியே கணக்கிடப்படுவது) என்றும் எமிஷன் நிறம் முழுக் கருப்பாகவும் இருந்தால், ஒளிராத பொருள் எனக் கொண்டு கீவேர்டை அணைத்துவிடுகிறது. விளையாட்டு தொடங்கும்போது அணைந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கருப்பு நிறத்துடன் சேமிக்கப்பட்டிருந்த எங்கள் விளக்குகள் இந்த விதிக்குள் அப்படியே அடங்கிவிட்டன.

ஸ்கிரிப்டில் கீவேர்டை இயக்கும் எனேபிள்கீவேர்டு வரியைச் சேர்த்தபோது யூனிட்டி எடிட்டரில் விளக்குகள் எரிந்தன. ஆனால் ஆண்ட்ராய்டு பில்டில், அதாவது ஃபோனில் ஓடும் இறுதி வடிவில், எரியவில்லை. எமிஷன் கீவேர்டு ஷேடர்_ஃபீச்சர் வகையைச் சேர்ந்தது என்பதால், பில்டில் இடம்பெறும் மெட்டீரியல் எதுவும் அதைப் பயன்படுத்தாதபோது அந்தக் கீவேர்டுக்கான ஷேடர் வடிவம் (வேரியன்ட்) நீக்கப்பட்டுவிடும். எடிட்டரோ தேவைப்படும் நேரத்தில் அதைக் கம்பைல் செய்துகொள்ளும். மெட்டீரியலைத் தொடாமல் ஒரு பொருளுக்கு மட்டும் பண்பு மதிப்பை மாற்றும் மெட்டீரியல் பிராபர்ட்டி பிளாக்கும் இங்கே பயன்படாது, ஏனெனில் அதன் வழியாகக் கீவேர்டுகளை மாற்ற இயலாது.

இறுதியில் டிக்கை மீண்டும் இட்டு, தொடக்க நிறத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில், ஏறத்தாழ 0.001 என்ற மதிப்பில், கருப்புக்குச் சற்று மேலே வைத்தோம். சுழியம்தானா என்பதை மட்டுமே அந்தச் சரிபார்ப்பு பார்ப்பதால், கீவேர்டு மெட்டீரியல் கோப்பிலேயே தங்கியது. வேரியன்டும் பில்டில் சேர்ந்தது. எனேபிள்கீவேர்டு வரியை அதன்பின் நீக்கிவிட்டோம்.