ஜங்கனூ: கார்னிவலின் இன்னொரு வடிவமா?

கேள்வி:
பஹாமாஸின் தலைநகரான நாசாவில் டிசம்பர் 26 அன்றும் புத்தாண்டு நாளிலும் விடியலுக்கு முன்பே தொடங்கும் ஜங்கனூ ஊர்வலத்தைக் காணொளிகளில் கண்டேன். டிரினிடாட் கார்னிவலின் மறுபதிப்பு என்று ஒரு பயணக் குறிப்பு இதைச் சொல்கிறது. கார்னிவல் தவக்காலத்துக்கு முன் வருவதாயிற்றே, நாளே பொருந்தவில்லை. இதன் வரலாறு என்ன? அந்த உடைகள் எதனால் ஆனவை?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் சரியானது. தவக்காலத்துக்கும் ஜங்கனூவுக்கும் தொடர்பில்லை. பிரித்தானியர் ஆட்சியில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸையொட்டிக் கிடைத்த ஓய்வு நாள்களில் வேரூன்றிய இவ்விழா, 1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னும் அதே நாள்களைப் பற்றிக்கொண்டு நிலைத்துவிட்டது. இன்றைய கானாவின் கடற்கரையில், பிரஷ்யர்கள் கைவிட்ட கோட்டையை டச்சுக்காரர்களிடம் ஒப்படைக்க மறுத்து 1724 வரை தாக்குப்பிடித்த ஜான் கானி என்ற வணிகத் தலைவரின் நினைவே விழாவின் பெயரில் உள்ளது என்பர். சான்று வலுவானதன்று; ஆயினும் மக்கள் விரும்பிச் சொல்லும் கதை அதுதான்.

மறுமொழி 2:
உடைகளைப் பற்றி: ஒரு காலத்தில் கடற்பஞ்சும் கந்தலும் செய்தித்தாளும்தான் உடையாயின. இப்போது அட்டையால் உருவம் அமைத்து, மெல்லிய கிரேப் தாளைச் சிறு குஞ்சங்களாக நறுக்கி, வரிசை வரிசையாக ஒட்டுகிறார்கள். பல மாதங்கள் பிடிக்கும் இவ்வேலை, போட்டிக் குழுவினர் கண்ணில் படாதவாறு ‘ஷாக்’ எனப்படும் கொட்டகைகளில் நடக்கிறது. இசைக்கு ஆட்டுத்தோல் முரசு, மாட்டுமணி, ஊதல், சங்கு ஆகியவை. பித்தளைக் குழல்கள் பிற்பாடு சேர்ந்தவை. தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி இறுக்கிக்கொள்வார்கள். காணொளியில் அதைக் கவனித்துப் பாருங்கள்.

மறுமொழி 3:
இதை வெறும் கேளிக்கையாகக் காண்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர்வலம் செல்லும் பே தெரு, வெள்ளை வணிகர்களின் கோட்டையாக இருந்த இடம். 1942 ஜூனில், விமானத் தளம் கட்டிய தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு அங்கே திரண்டது கலவரமாக மாறியதையடுத்து, சில ஆண்டுகள் அத்தெருவில் ஜங்கனூ தடைபட்டிருந்தது. இன்று சாக்சன்ஸ், வேலி பாய்ஸ் முதலிய குழுக்கள் அதே தெருவில்தான் பரிசுக்காக மோதுகின்றன. 2023இல் யுனெஸ்கோவும் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நேரில் காணச் செல்பவர்கள் பயணத்தில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. காகித உடைகள் மழையைத் தாங்காதாகையால் ஊர்வலம் ஒத்திவைக்கப்படுவதும் உண்டு.