ஆர்ச்சர் சி7இல் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறவில்லை, 18005 என்று வருகிறது. உதவி தேவை

அக்கரப்பத்தனை டீச்சர்

வணக்கம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்கு ஓ.எல் (சாதாரண தர) பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர், கம்பெனி கொடுத்தது. தம்பி போனில் ஒரு வீடியோவை அப்லோட் பண்ணத் தொடங்கினால் போதும், "டீச்சர், சத்தம் வெட்டி வெட்டி வருது" என்று பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் வேகம் சரியாகத்தான் காட்டுகிறது.

ரவுட்டருக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியைப் போட்டால் இதைச் சரிக்கட்டலாம் என்று படித்தேன். 4ஜி ரவுட்டரில் ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) ஏற்றும் பக்கமே இல்லை, கம்பெனி எடுத்துவிட்டிருக்கிறது. அப்புறம் கொழும்பில் வேலை செய்யும் சித்தப்பாவிடம் சொல்லி, புறக்கோட்டையில் செகண்ட் ஹேண்ட் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டர் ஒன்று வாங்கினேன். அதுவும் ஏற்க மாட்டேன் என்கிறது. ஃபைலைக் கொடுத்து அப்கிரேட் அழுத்தினால், பிழை 18005, கோப்பு சரியில்லை என்று வருகிறது. மூன்று நாளாக இதே நிலைமை.

4ஜி பெட்டியின் பூட்டை எடுக்க வழி இருக்கிறதா? சி7 ஏன் மறுக்கிறது?

பண்டாரவளை வாசி

டீச்சர், 4ஜி பெட்டியைத் தொடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் திறந்து, போர்டில் கம்பி பிடித்து, கிடைத்த ஒரு ஃபைலை ஏற்றினேன். விளக்கு எரிந்தது, சிக்னல் மட்டும் திரும்பி வரவே இல்லை. அந்தப் பெட்டிகளில் 4ஜி மோடத்துக்கென்று தனி மென்பொருள் உண்டு. அது திறந்த மூலம் இல்லை. ரேடியோவின் அளவீடுகளும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணும் அதே ஃபிளாஷ் நினைவகத்தின் ஒரு மூலையில் இருக்கும். அந்த மூலை அழிந்தால் எந்தக் கடையிலும் திருப்பி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, ஒப்பந்தம் முடியும்வரை பெட்டி பல இடங்களில் கம்பெனியின் சொத்து. தூரத்திலிருந்தே அதன் செட்டிங்கை அவர்கள் மாற்றலாம். நீங்கள் சிரமப்பட்டு மாற்றியதை ஒரே இரவில் பழையபடி ஆக்கிவிடவும் முடியும்.

அது அதன் பாட்டுக்கு மோடமாக இருக்கட்டும். அதன் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துவாரத்திலிருந்து ஒரு கேபிளை எடுத்து சி7இன் நீல நிற வான் (இன்டர்நெட் வரும்) துவாரத்தில் குத்துங்கள். வீட்டுப் போன்கள் எல்லாம் சி7இல் சேரட்டும். உங்களுக்கு வேண்டிய கட்டுப்பாடு முழுவதும் அங்கே கிடைத்துவிடும்.

சி7ஐத் திருப்பிப் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வெர்ஷன் எண் இருக்கும். அது தெரியாமல் ஒரு ஃபைலையும் ஏற்றக்கூடாது.

அக்கரப்பத்தனை டீச்சர்

சரி அண்ணா, 4ஜியைத் தொடவில்லை. லேபிளில் வெர்ஷன் 2.0, சீரியலுக்குக் கிட்ட யூஎஸ் என்று இருக்கிறது. அடாப்டர் 12 வோல்ட், 2.5 ஆம்பியர். நான் இறக்கிய ஃபைலின் பெயரில் வெர்ஷன் 2 என்றும் ஃபேக்டரி என்றும் இருந்தது. அதனால் சரியானது என்றுதான் நினைத்தேன்.

ஹட்டன் ரிப்பேர் கடை

அந்த யூஎஸ்தான் விஷயம், டீச்சர். சி7 இரண்டாம் வெர்ஷனுக்கு ஃபேக்டரி ஃபைல், அதாவது டிபி-லிங்க் மென்பொருளிலிருந்து முதல் தடவை மாறுவதற்கான ஃபைல், ஒன்றல்ல, மூன்று இருக்கிறது. பொதுவானது ஒன்று, யூஎஸ் என்று ஒன்று, ஈயூ என்று ஒன்று. டிபி-லிங்க்கின் சொந்த மென்பொருள் ஃபைலுக்குள் நாட்டுக் குறியீட்டைப் பார்க்கும். பொருந்தாவிட்டால் 18005தான். யூஎஸ் ஃபைலை இறக்குங்கள். பெயரையும் நாலைந்து எழுத்தாகச் சுருக்கிவிடுங்கள். பெயர் நீளமாக இருந்தாலும் இதே பிழை வரும். இறக்கியதும் ஃபைல் முழுசாக வந்ததா என்று காட்டும் ஷா-256 எண்ணைத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது இறக்கிய ஃபைல் பாதியில் நின்றிருக்கலாம்.

இந்தப் பூட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. வைஃபை ரேடியோவின் சக்தியை ஆட்கள் வரம்புக்கு மேலே ஏற்றிவிடக்கூடாது என்று அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கண்டிப்புக் காட்டியது. ரேடியோவை மட்டும் பூட்டுவதை விட்டு, பெட்டி முழுவதையும் பூட்டுவதே லேசு என்று தயாரிப்பாளர்கள் போனார்கள். 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் எஃப்சிசியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து 2 லட்சம் டாலர் கட்டியது. வெளி ஃபர்ம்வேருக்கு இடம் கொடுக்க முயல்வதாகவும் அதே உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது. யூஎஸ் சி7 அந்தக் காலத்துச் சாமான்.

யூஎஸ் ஃபைலுக்கும் 18005 வந்தால் பயப்பட வேண்டாம், லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக ஃபைலை நேராக அனுப்பும் டிஎஃப்டிபி வழி இருக்கிறது.

அக்கரப்பத்தனை டீச்சர்

யூஎஸ் ஃபைல், பெயர் நாலு எழுத்து, ஷா எண்ணும் ஒத்துப்போகிறது. மறுபடியும் 18005.

ஹட்டன் ரிப்பேர் கடை

சரி, அப்படியானால் டிஎஃப்டிபிதான். 18005 காட்டுவது மேலே ஓடும் மென்பொருள். நாம் அதற்குக் கீழே இருக்கும், பெட்டியை முதலில் எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சின்ன நிரலிடம் நேராகப் பேசப் போகிறோம்.

முதலில் கரண்ட். இது காலையில் செய்யும் வேலை. சித்திரை, ஐப்பசி மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு இடி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி எழும்பாமல் செங்கல் மாதிரி ஆகிவிடலாம். 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரத்தில் எல்லா வீட்டிலும் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினார்களே, அது இருந்தால் அதில் போடுங்கள். ஆனால் சி7 கேட்பது 2.5 ஆம்பியர். 1 ஆம்பியர் யூபிஎஸ் தாங்காது, அடியில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

லேப்டாப்பில் வைஃபையை நிறுத்துங்கள். கேபிளை சி7இன் மஞ்சள் லேன் துவாரம் ஒன்றில் போடுங்கள், நீலத்தில் வேண்டாம். லேப்டாப்பின் ஐபியைக் கையால் 192.168.0.66 என்றும் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் வையுங்கள். பூட்லோடர் அந்த ஒரு முகவரியைத்தான் தேடும். டிஎஃப்டிபி சர்வர் மென்பொருளைத் திறந்து, யூஎஸ் ஃபேக்டரி ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். ஃபைலின் பெயரை ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் உங்கள் வெர்ஷனுக்குக் கொடுத்திருக்கும் ரெகவரி பெயராக எழுத்துக்கு எழுத்து மாற்றுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் எடுக்காது.

இனி சி7ஐ அணைத்து, பின்னால் ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி பவரைப் போடுங்கள். டபிள்யூபிஎஸ் விளக்கு எரியும்வரை விடாதீர்கள். எரிந்ததும் விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கை வைக்காமல் இருங்கள்.

அக்கரப்பத்தனை டீச்சர்

டபிள்யூபிஎஸ் விளக்கு எரிகிறது அண்ணா. ஆனால் சர்வர் ஜன்னலில் ஒரு வரிகூட வரவில்லை. ஏழு தரம் செய்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் பழைய டிபி-லிங்க் பக்கத்துக்கே திரும்பி வருகிறது.

பதுளை மாணவன்

டீச்சர், எனக்கும் இதே மாதிரி நடந்தது. விண்டோஸ் ஃபயர்வால்தான் தடுத்தது. புது நெட்வொர்க் என்பதால் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் கோரிக்கையை அப்படியே விழுங்கிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் ஃபயர்வாலை நிறுத்திவிட்டு, முடிந்ததும் மறக்காமல் போடுங்கள்.

ஹட்டன் ரிப்பேர் கடை

தம்பி சொல்வது சரி. அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். சி7 அணைந்து எரியும்போது லேப்டாப்பின் கேபிள் துவாரமும் அணைந்து விழிக்கும். அது விழித்து முடிப்பதற்குள் பூட்லோடர் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச்சைப் போட்டு, லேப்டாப் – ஸ்விட்ச் – சி7 என்று இணைத்தால் லேப்டாப் பக்கம் இணைப்பு அறாது. ஸ்விட்ச் இல்லாவிட்டால் வேறொரு பழைய ரவுட்டரின் லேன் துவாரங்கள் போதும். ஆனால் தானாக ஐபி கொடுக்கும் அதன் டிஎச்சிபியை நிறுத்த வேண்டும்.

அக்கரப்பத்தனை டீச்சர்

ஸ்கூலிலிருந்து ஸ்விட்ச் ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். ஃபயர்வாலையும் நிறுத்தினேன். பட்டனை விட்டவுடன் ஜன்னலில் ஃபைல் பெயர் வந்து, நீலக் கோடு ஒன்று இரண்டு செக்கனில் நிறைந்தது. ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இப்போது வைஃபையே இல்லை. போனில் தேடினால் சி7இன் பெயர் எங்கும் வரவில்லை. லேப்டாப்பில் 192.168.0.1ம் திறக்கவில்லை. கெடுத்துவிட்டேனா?

பண்டாரவளை வாசி

இல்லை டீச்சர், கெடவில்லை. வேலை முடிந்துவிட்டது! ஓப்பன்டபிள்யூஆர்டி முதல் தடவை வைஃபையை மூடித்தான் வைத்திருக்கும். பாஸ்வேர்ட் போடாத வைஃபையைத் திறந்துவிடக்கூடாது என்பதற்காக. லேப்டாப்பில் கையால் வைத்த ஐபியை எடுத்துத் தானாக என்று மாற்றுங்கள். கேபிள் லேனிலேயே இருக்கட்டும். 192.168.1.1க்குப் போங்கள். பெயர் ரூட், பாஸ்வேர்ட் வெறுமை. உள்ளே போனதும் முதல் வேலை பாஸ்வேர்ட். பிறகு வைஃபையில் நாட்டை எல்கே (இலங்கை) என்று வைத்து, டபிள்யூபிஏ2 பாதுகாப்புப் போட்டுத் திறந்துவிடுங்கள். சக்தி கூடும் என்று வேறு நாட்டைப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) சுவருக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் சரி. 5 கிகாஹேர்ட்ஸ் பக்கத்துக் காம்பரா அறையைத் தாண்டாது.

அக்கரப்பத்தனை டீச்சர்

பக்கம் வந்துவிட்டது! அண்ணா, எனக்குக் கையே நடுங்கிவிட்டது. வைஃபையும் வந்தது. ஆனால் 4ஜி பெட்டியின் கேபிளை நீலத் துவாரத்தில் போட்டதும் இன்டர்நெட் இல்லை, சி7இன் பக்கமும் திறக்கவில்லை. கேபிளைக் கழற்றினால் பக்கம் திறக்கிறது.

ஹட்டன் ரிப்பேர் கடை

4ஜி பெட்டியின் முகவரியும் 192.168.1.1ஆகத்தான் இருக்கும். ஒரே லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் போட்ட மாதிரி, கடிதம் எங்கே போவது என்று தெரியாது. கேபிளைக் கழற்றிவைத்து, சி7இன் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றுங்கள். சேவ் அன்ட் அப்ளை அழுத்தியதும் புது முகவரியில் 90 செக்கனுக்குள் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் அதுவே பழையதற்குத் திரும்பிவிடும். அதனால் லேப்டாப் கேபிளைக் கழற்றி உடனே மாட்டுங்கள், புது ஐபி எடுத்துக்கொள்ளும்.

அக்கரப்பத்தனை டீச்சர்

இன்டர்நெட் வந்துவிட்டது. இனி நான் இத்தனையும் செய்ததன் காரணத்துக்கு வருகிறேன். தம்பியின் அப்லோட்.

பண்டாரவளை வாசி

உங்கள் நோய்க்குப் பெயர் பஃபர்புளோட். அப்லோட் பாதை ஒடுக்கமானது. தம்பியின் வீடியோ அதை நிரப்பியதும், 4ஜி பெட்டி எதையும் கைவிடாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவைக்கும். உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். வேகம் குறையவில்லை, காத்திருப்புத்தான் கூடிவிட்டது. ஸ்பீட் டெஸ்ட் வெறும் வேகத்தை மட்டும் காட்டுவதால் உங்களுக்கு அது தெரியவில்லை.

சாஃப்ட்வேர் பக்கத்தில் பட்டியலைப் புதுப்பித்து, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் லூசி-ஆப்-எஸ்க்யூஎம் என்பதை நிறுவுங்கள். அதில் வான் இன்டர்ஃபேஸைத் தேர்ந்து, கேக் என்ற முறையைப் போடுங்கள். வேகம் வைப்பதில்தான் கவனம் வேண்டும். காலையில் அளந்த வேகத்தைப் போடாதீர்கள். பின்னேரம் ஆறு மணிக்கு, டவரில் எல்லாரும் ஏறியிருக்கும் நேரம், இரண்டு மூன்று நாள் அளந்து, வந்ததில் குறைந்ததை எடுத்து, அதிலும் 85 வீதம் போடுங்கள். நாம் வைக்கும் எல்லை 4ஜியின் எல்லைக்குக் கீழே இருந்தால்தான் வரிசை சி7இல் நிற்கும். சி7இல் நின்றால்தான் உங்கள் குரலை முன்னே விடலாம்.

அக்கரப்பத்தனை டீச்சர்

நாலு நாள் அளந்தேன். ஆறு மணிக்குக் குறைந்தது டவுன்லோட் 9, அப்லோட் 2.4 மெகாபிட். 7600, 2000 கிலோபிட் என்று வைத்தேன். முன்பு தம்பி அப்லோட் பண்ணும்போது பிங், அதாவது காத்திருப்பு நேரம், 900 மில்லிசெக்கனைத் தாண்டும். இன்று வகுப்பு நடக்கும்போதே அவனிடம் வேண்டுமென்று ஒரு பெரிய வீடியோவைப் போடச் சொன்னேன். 80, 95, 70. ஒரு மணித்தியாலமும் ஒரு பிள்ளைகூடச் சத்தம் வெட்டுகிறது என்று எழுதவில்லை. முக்கோணத்தில் ஒரு நிறுவலை முதல் தடவையாக நடுவில் நிறுத்தாமல் முடித்தேன்.

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி.

ஹட்டன் ரிப்பேர் கடை

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது டீச்சர். இப்போதே சிஸ்டம் பக்கத்தில் பேக்அப் ஒன்றை இறக்கிவையுங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஃபேக்டரி ஃபைல் வேண்டாம், ஏற்கனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருக்கும் பெட்டிக்கான சிஸ்அப்கிரேட் ஃபைல். என்றைக்காவது டிபி-லிங்க் மென்பொருளுக்கே திரும்ப நினைத்தால் முதலில் இங்கே கேளுங்கள். பெயரில் பூட் என்று இருக்கும் ஃபைலை அப்படியே ஏற்றினால் பூட்லோடரே அழிந்துவிடும், அதன் முன்பகுதியை வெட்டித்தான் ஏற்ற வேண்டும்.

அக்கரப்பத்தனை டீச்சர்

பேக்அப் எடுத்துவிட்டேன் அண்ணா. லேப்டாப்பில் ஒன்று, தம்பியின் போனில் ஒன்று. ஸ்விட்ச்சை நாளைக்கு ஸ்கூலில் திருப்பிக் கொடுக்கிறேன்.